முன்பதிவுப் புத்தகம்

செவ்வாய்க்கிழமை அம்மா இறந்தாள்.
புதன்கிழமைக்கு எட்டுப் பேர் பதிந்திருந்தார்கள்.
ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன்.
"அப்படியானால் என் தலை?" என்று
ஒருத்தி கேட்டுவிட்டாள்,
கேட்டபின் வாய்விட்டு அழுதாள்.

போர்ட் டால்பட்டில்,
எஃகு ஆலையின் செந்தூள் இறங்கி
கொடியில் காயும் விரிப்பெல்லாம் பழுப்பேறும் தெருவில்
முப்பத்தேழு வருடம் கடை வைத்திருந்தாள்.
"இந்தத் தூள் பறக்கிறவரை நமக்குப் பஞ்சமில்லை,
ஊரே தலை அலச வந்தாக வேண்டும்."
பஞ்சம் இருந்தது.
எங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

புத்தகம் முழுக்கப் பென்சில்.
"மனசு மாறுவார்கள், மழை வரும், சிலர் செத்தும் போவார்கள்.
பேனாவுக்கு இதெல்லாம் புரியாது."
பெயருக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் குறிப்பு:

டில்லிஸ்: நீலச் சுருள். மகனைப் பற்றிக் கேட்காதே.
ஈலுவென்: பணம் வாங்காதே. வாங்கியது போல நடி.
மெர்ஃபின்: காதுக்குப் பின்னால் தையல், கத்தரி படக் கூடாது.

மெர்ஃபினை அழைத்தபோது சொன்னார்:
அந்த மச்சத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.
டாக்டரிடம் போகும்வரை
முன்பக்கம் மட்டும் வெட்டி அனுப்பினாளாம்,
இரண்டு மாதம்
பாதித் தலையோடு ஆலைக்குப் போனாராம்.
மயிரிழையில் தப்பினீர்கள் என்றாராம் டாக்டர்.
சிரிக்கத் தொடங்கியவர்
முடிக்கவில்லை.

வீட்டுக்கு அவள் வரும்போது
அமோனியா முதலில் வரும், பிறகு அவள்.
எங்கள் வெண்ணெயில் யாரோ ஒருவரின் நரைமுடி கிடக்கும்.
கவிழ்த்த இழுப்பறை மேல் கால்களை ஏற்றி,
வெடித்த விரல்களில் வாசலின் தடவி,
பருத்திக் கையுறையோடு தூங்குவாள்
அரசியைப் போல.

என் தலையை மட்டும் "நாளைக்கு" என்பாள்.
முடிதிருத்துகிறவள் மகளுக்குக் குருவிக்கூடு என்றார்கள் பள்ளியில்.
பத்தொன்பது வயதில் சமையலறைக் கத்தரியை எடுத்து
நானே அறுத்துக்கொண்டேன், கோணல்மாணலாக,
அவள் பார்க்க வேண்டும் என்றே.
பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வாரமே நான் பிரிஸ்டலுக்கு ரயிலேறினேன்.
பிறகு கிறிஸ்துமஸ், அதுவும் எல்லா வருடமும் இல்லை.

வியாழக்கிழமை பட்டியலை முடித்து
வெள்ளிக்கு வந்தேன்.
மாதத்தின் கடைசி வெள்ளி, ஐந்தரை மணி:
நெரிஸ், வந்தால்.

தொலைபேசி எண் இல்லை.
நெரிஸ் என்பது நான்.

அலமாரியில் பழைய புத்தகங்கள், பதினான்கு.
எல்லாவற்றிலும் கடைசி வெள்ளி, ஐந்தரை.
எழுதி, அழித்த தடம்.
விரலால் தடவினால் தெரிகிறது,
தாள் அங்கே மட்டும் மெலிந்திருக்கிறது.
அந்த அரைமணியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை,
ஊரே திருமணத்துக்குக் கிளம்பிய வாரத்தில்கூட.

இன்னும் ஒரே ஒரு அழைப்பு பாக்கி:
திருமதி ப்ராசர், தொண்ணூற்றொன்று, காது மந்தம்.
மூன்று முறை கத்திச் சொன்னேன்.
"சரி சரி, பத்து நிமிடம் தாமதமாக வருவேன்
என்று கிளெனிஸிடம் சொல்லிவிடு" என்றாள்.
சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வியாழன், பத்து மணி பத்து நிமிடம்.
பிளாஸ்டிக் மழைத்தொப்பியோடு வந்து நின்றாள்.
கடையைத் திறந்து வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாமல்.
நாற்காலியில் அமர்ந்தாள். கழுத்தைப் பின்னால் சாய்த்தாள்.
நான் செய்வது நூலகத்தில் வேலை;
கையில் பிடித்த ஒரே கத்தரி அந்தச் சமையலறைக் கத்தரிதான்.
தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன்,
அதை யாரிடம் பார்த்தேன் என்பது
அப்புறம்தான் நினைவு வந்தது.

கண்ணை மூடியபடியே அவள் சொன்னாள்:
"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்.
உன் அம்மா அழுத்தித்தான் தேய்ப்பாள்."